எக்ஸ்ரே நார்மல்

எங்கள் ஊர்ப் பக்கம் கால் உடைந்தவனுக்குக் கிடைக்கும் மரியாதை ஜவ்வு கிழிந்தவனுக்குக் கிடைப்பதில்லை. கால் உடைந்தால் மாவுக்கட்டு இருக்கும். கட்டின்மேல் கூட்டாளிகள் பேனாவால் பெயர் எழுதுவார்கள். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து கட்டிலைச் சுற்றி உட்காருவார்கள். எக்ஸ்ரேயைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்தா பாரு, இங்கதான் விட்டுருக்கு" என்று ஆளாளுக்கு டாக்டராவார்கள். முழங்காலுக்குள் ஜவ்வு கிழிந்தவனிடம் இப்படிக் காட்டுவதற்கு எதுவும் இல்லை. வீக்கம் வடிந்ததும் எழுந்து நடப்பான். நடக்கிறவனை நோயாளி என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

நான் கபடி ஆடினேன். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் உள்ள எங்கள் கிராமங்களில் பொங்கலுக்கு மறுநாள் மைக்செட் கட்டினால், சித்திரை வரை ஏதாவது ஓர் ஊரில் தொடர் போட்டி நடந்துகொண்டே இருக்கும். அறுப்பு முடிந்த வயலை மட்டம் செய்து, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, நாலு கம்பத்தில் விளக்குக் கட்டி விடிய விடிய ஆடுவோம். கயிற்றுக்கு வெளியே ஊரே உட்கார்ந்திருக்கும். நான் ரெய்டர், பாடிப் போகிறவன். கோப்பை ஒரு பக்கம் இருக்க, எங்கள் எல்லோருக்கும் மனசுக்குள் இன்னொரு கணக்கு உண்டு: மாவட்ட அணியில் ஓர் இடம், அங்கிருந்து மாநிலப் போட்டிச் சான்றிதழ், அதைக் காட்டி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸோ ரயில்வேயோ. ஆற்றில் தண்ணீர் வந்தால் ஒரு போகம் எடுக்கிற வீடுகளின் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே முதல் அந்தக் கால்கள்தான்.

2013 தை மாதத்து ஆட்டம் ஒன்றில் வலது கார்னரில் நின்றவன் என் கணுக்காலைப் பிடித்தான். அவன்மேல் குற்றமில்லை, கார்னரில் நிற்கிறவனின் வேலையே அதுதான். என் பாதம் மண்ணில் ஊன்றியிருந்தது. நடுக்கோட்டைத் தொடுவதற்காக உடம்பை இடப்பக்கம் திருப்பினேன். இடுப்பு திரும்பியது, தொடை திரும்பியது, பாதம் மட்டும் பிடித்த பிடியில் நின்றது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்ட சத்தம் என்று நினைத்தேன். பிடித்தவனுக்கும் கேட்டிருக்கிறது. உடனே விட்டுவிட்டான்.

யாரோ ஓடிவந்து காலை இழுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் எந்தக் களத்திலும் காலை இழுத்துவிட ஓர் அண்ணன் இருப்பார். அடுத்த ஆட்டம் முடிவதற்குள் முழங்கால் இரண்டு மடங்கு வீங்கிவிட்டது. பின்னாளில் தெரிந்தது, அந்த வேகமே ஒரு தடயம் என்று. சாதாரணச் சுளுக்கில் மறுநாள் காலையில்தான் நன்றாக வீங்கும். ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே முட்டி உப்பினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். அப்படி ரத்தம் கட்டுகிற முழங்கால்களில் பெரும்பாலும் முன் சிலுவை ஜவ்வு, அதாவது ஏசிஎல், கிழிந்திருக்கும்.

மறுநாள் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தோம். "எலும்புல ஒண்ணும் இல்ல. எக்ஸ்ரே நார்மல். சுளுக்குதான்" என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எலும்பைப் பற்றி அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். ஜவ்வு தெரியாது. முட்டிக்குள் மெத்தையாக இருக்கிற குருத்தெலும்பு வட்டுகளும் தெரியாது. ஆனால் 'நார்மல்' என்ற சொல் ஊருக்குள் எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

அப்பா அதோடு விடவில்லை. எலும்பு முறிவு வைத்தியரிடம் கூட்டிப் போனார். என் சித்தப்பா மகனுக்கு மரத்திலிருந்து விழுந்து முறிந்த கையை அவர்தான் கட்டிச் சேர்த்தவர். அந்தக் கை இன்றுவரை களத்தில் மூட்டை தூக்குகிறது. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, எண்ணெய் விடச் சொன்னார். நாட்டு வைத்தியர்களைத் திட்டி எழுதுவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. எலும்பு முறிந்தால் முறிந்த இடத்தில் ரத்தம் உறையும், அந்த உறைவில்தான் புது எலும்பு பிடிக்கத் தொடங்கும். அசையாமல் பிடித்துவைத்தால் மிச்ச வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும். ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டுக்கு இத்தனை தலைமுறையாகக் கூட்டம் போவது சும்மா இல்லை. ஆனால் ஏசிஎல் இருப்பது மூட்டின் நட்டநடுவில், மூட்டு நீருக்குள். கிழிந்த இரண்டு முனைகளுக்கு நடுவே ரத்தம் உறைந்து நிற்க அந்த நீர் விடாது, கரைத்துவிடும். எத்தனை நாள் கட்டி வைத்தாலும் அது பழையபடி ஒட்டுவது அபூர்வம். வைத்தியருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. எக்ஸ்ரே எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாசி கடைசியில் கட்டை அவிழ்த்தபோது வலி இல்லை. நடந்தேன், சைக்கிள் மிதித்தேன், நேர்கோட்டில் ஓடவும் செய்தேன். இந்த ஜவ்வின் சூழ்ச்சியே அங்கேதான். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பது அதன் வேலை. நேராக நடக்கும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை, தொடைச் சதையே சமாளித்துவிடும். சடாரென்று திரும்பும்போதுதான் அது இல்லாதது தெரியும். கபடியோ முழுக்க முழுக்கத் திருப்பம்தான்.

வரப்பில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்குகையில் முட்டி கழன்று மாட்டும். பேருந்திலிருந்து இறங்கி ஓரமாகத் திரும்புகையில் கழன்று மாட்டும். களத்தில் இறங்கினால் சொல்லவே வேண்டாம். "பயந்துட்டான்டா" என்று அணியில் பேச்சு வந்தது. பயிற்சி கொடுத்த அண்ணன், "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னுட்டாங்கள்ல? எல்லாம் மனசுதான் தம்பி" என்று தோளில் தட்டினார். நல்ல மனிதர். அவரும் அந்தத் தாளைத்தான் நம்பினார்.

மறு ஆண்டு தைக்கு முட்டி பூட்டிக்கொண்டது. உட்கார்ந்து எழுந்தபோது மடங்கிய கால் நீள மாட்டேன் என்றது. பைக்கில் நடுவில் உட்கார வைத்துத்தான் தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே எலும்பு மருத்துவப் பிரிவில் இருந்த டாக்டர் முதலில் என் நல்ல காலைப் பிடித்தார். முழங்காலை இருபது முப்பது டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுத்தார். கொஞ்சம் வந்து 'டக்' என்று நின்றது. பிறகு அடிபட்ட காலில் அதையே செய்தார். வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற மாணவர்களை அழைத்து ஒவ்வொருவராக இழுத்துப் பார்க்கச் சொன்னார். என் கால் அன்றைக்குப் பாடமாக இருந்தது. அந்தச் சோதனைக்கு லாக்மன் சோதனை என்று பெயர். ஃபிலடெல்ஃபியாவில் ஜான் லாக்மன் என்ற பேராசிரியர் செய்துவந்ததை, அவரிடம் பயின்ற ஜோசப் டோர்க் 1976-ல் எழுதி வெளியிட்டார். என் முட்டிக்கு அதைச் செய்து பார்க்க ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எம்ஆர்ஐ எடுத்ததில் இரண்டு செய்தி. ஏசிஎல் முழுசாக அறுந்திருக்கிறது. முட்டி கழன்று மாட்டிய ஒவ்வொரு முறையும் உள்பக்க வட்டு நசுங்கி, கடைசியில் நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த பகுதி மூட்டுக்கு நடுவில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. பூட்டு அதுதான்.

"மாட்டியிருக்கறத எடுத்தாகணும், அதுல பேச்சே இல்ல. ஏசிஎல் உன் இஷ்டம்" என்றார் டாக்டர். "கபடிய விட்டுட்டு, நல்லா பிசியோ பண்ணி, தொடைய பலமாக்கிக்கிட்டா அது இல்லாமலே ஓட்டலாம். நெறைய பேர் ஓட்டறாங்க. கபடி ஆடணும்னா வேற வழியில்ல."

அரசு ஆஸ்பத்திரி அவசரத்தில் அவர் இதைச் சொன்னது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். ஸ்வீடனில் ஏசிஎல் அறுந்த 121 இளைஞர்களை இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு உடனே அறுவை, இன்னொரு பிரிவுக்கு முதலில் பிசியோதெரபி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோர் அதுவரை கத்தியே படாமல் இருந்தார்கள். ஜவ்வு கிழிந்தாலே அறுவை என்று ஓடவும் வேண்டாம், அறுவையே வேண்டாம் என்று ஒளியவும் வேண்டாம். ஆனால் முதலில் கிழிந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமே!

அம்மாவுக்குத்தான் விளங்கவில்லை. "நடக்குற புள்ளைய எதுக்கு அறுக்கணும்?" என்று வார்டு வாசலில் நின்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது கபடியில் இருந்தது, அவருக்கு விளங்குகிற இடத்தில் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவைப் பற்றிய பேச்சு எழவில்லை. தனியாரில் லட்சத்தைத் தாண்டும் என்றார்கள். அந்த அட்டை இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேறு முடிவு.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். தொடையில் பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்தினார்கள். முட்டிக்கு முன்னால் இரண்டு சின்னத் துளை, ஒன்றில் கேமரா, ஒன்றில் கருவி. உப்பு நீரைச் செலுத்தி மூட்டை விரித்து வைத்துக்கொண்டார்கள். மானிட்டர் என் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது. "பாக்கறியா?" என்றார் டாக்டர். பார்த்தேன். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று மழமழப்பு, நடுவில் பிரி அவிழ்ந்த தாம்புக்கயிற்றின் நுனியாக என் ஏசிஎல் தொங்கியது. நூல் நூலாக நீரில் ஆடியது. ஒரு வருஷமாக என்னிடம் மனசு சரியில்லை என்று சொன்ன எல்லோரையும் கூட்டிவந்து அந்த மானிட்டரின் முன் நிறுத்த வேண்டும் என்று இருந்தது.

கிழிந்த வட்டைத் தைக்க முடியவில்லை. வட்டின் வெளி ஓரத்தில்தான் ரத்த ஓட்டம், உள்பக்கம் கிழிந்தால் ஒட்டாது. கசங்கிக் கிடந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். புது ஜவ்வு என் உடம்பிலிருந்தே வந்தது. முட்டிக்குக் கீழே உள்பக்கம் ஒரு சின்ன வெட்டு, அதன் வழியாகத் தொடையின் பின்புறத் தசை நாண்கள் இரண்டை உருவி எடுத்து, மடித்து, நான்கு பிரியாக்கித் தைத்தார்கள். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளை போட்டு, பழைய ஜவ்வு இருந்த வழியிலேயே அதை இழுத்து, மேலே ஒரு டைட்டானியம் பொத்தானாலும் கீழே ஒரு திருகாணியாலும் மாட்டினார்கள். துளை போடும் சத்தம் மட்டும் தச்சுப் பட்டறையில் கேட்பதுதான். வலி துளியும் இல்லை.

இதற்குப் பின்னால் எவ்வளவு பேரின் வேலை இருக்கிறது என்று படுத்துக்கிடந்த நாட்களில் படித்தேன். 1895-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன், ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழங்காலைத் திறந்து அறுந்த சிலுவை ஜவ்வுகளைத் தைத்தார். தைத்தால் மட்டும் போதாது, எலும்பில் துளையிட்டு வேறு திசுவைச் செலுத்தலாம் என்று 1917-ல் ஹே குரோவ்ஸ் செய்துகாட்டினார். முட்டியைப் பிளக்காமல் உள்ளே பார்க்கும் வழி தோக்கியோவில் பிறந்தது. 1918-ல் கெஞ்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஓர் இறந்த உடலின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அவர் மாணவர் மசாகி வதனாபே அதை நோயாளிகளுக்குப் பயன்படும் கருவியாக்கி, 1962-ல் கிழிந்த வட்டின் ஒரு பகுதியைச் சின்னத் துளை வழியாகவே எடுத்தார். என் முட்டிக்குள் அன்று நடந்தவற்றில் முக்கால்வாசி அந்த நாலு பேரின் பாக்கி.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. முதல் சிக்கல் கக்கூஸ். குத்த வைத்து உட்கார முடியாது, எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் கிடையாது. அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்துக் கொடுத்தார். எந்த ஆஸ்பத்திரியும் எழுதித் தராத மருந்து அது. சம்மணம் போட முடியாது. கல்யாணப் பந்தியில் மேசை போட்ட வீடாகப் பார்த்துச் சாப்பிட வேண்டியிருந்தது.

பிசியோதெரபி மேடம் கறார். எல்லோரும் முட்டியை மடக்குவதைப் பற்றியே கவலைப்படுவார்கள், அவர் நீட்டுவதைப் பற்றிக் கவலைப்பட்டார். "மடக்கறது தானா வரும். நீட்டறது வரலன்னா ஆயுசுக்கும் நொண்டுவீங்க" என்பார். குதிகாலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியை அந்தரத்தில் விட்டு, கீழே அழுத்தச் சொல்வார். அந்தக் கடைசி ஐந்து டிகிரிக்காக நான் கடித்த பற்கள் இன்னும் வலிக்கின்றன. டேப் வைத்துத் தொடையை அளந்து இரண்டு காலுக்கும் வித்தியாசம் குறித்துக்கொள்வார். சதை வற்றுவது வாரக் கணக்கில் நடக்கும், வளர்வது மாதக் கணக்கில்.

அவர் சொன்னதிலேயே என்னை உட்கார வைத்த செய்தி வேறு. உருவிப் பொருத்திய நாண் உள்ளே போனதும் முதலில் சாகும். அதில் இருக்கிற செல்கள் அழிந்து, பிறகு சுற்றிலுமிருந்து ரத்தக் குழாய்கள் புகுந்து, மெல்ல மெல்ல அது ஜவ்வாக மாறும். வலி போய், வீக்கம் வடிந்து, 'இனி ஓடலாம்' என்று தோன்றுகிற இரண்டாவது மூன்றாவது மாதத்தில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். மறுபடியும் அதே சூழ்ச்சி: வெளியே ஒன்றும் தெரியாது. ஒஸ்லோவில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியான ஆய்வு, ஒன்பது மாதம் வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாகச் சொன்னது.

நான் கட்டிலில் கிடந்த 2014 ஜூலையில்தான் டிவியில் புரோ கபடி தொடங்கியது. எட்டு அணிகள், அதில் தமிழ்நாட்டு அணி ஒன்றும் இல்லை. தமிழ் தலைவாஸ் வர 2017 ஆயிற்று. ஊரே டீக்கடையில் உட்கார்ந்து பார்க்க, நான் குதிகாலுக்கடியில் துண்டோடு பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்து ரியோ ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் மல்யுத்த மேடையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கதறியபோது, என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு டிவியில் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அவர் 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். திரும்பி வர முடியும். ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் எங்கள் வயல் களத்தில் இல்லை.

நானும் திரும்பினேன். ரெய்டராக அல்ல, கார்னரில். கால் தாங்கியது. போலீஸ் தேர்வுக்கான வயது தாங்கவில்லை. பி.பி.எட். படித்து உடற்கல்வி ஆசிரியரானேன். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்தே இருக்கிறது. வெட்டில் ஒரு சின்ன நரம்பு போயிருக்கும், அது சகஜம் என்றார்கள். அந்த இடத்தில் கொசு கடித்தாலும் தெரியாது. வெட்டி எடுத்த வட்டுக்கு மட்டும்தான் மனசு ஆறவில்லை. ஜவ்வுக்கு மாற்று உண்டு, போன வட்டுக்கு அப்படி எளிதில் கிடைக்காது. நாற்பதைத் தாண்டும்போது அந்தப் பக்கம் தேய்மானம் சீக்கிரம் வரும் என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். முதல் வாரத்திலேயே யாராவது கண்டுபிடித்திருந்தால் அந்த வட்டு பிழைத்திருக்கலாம்.

இப்போது என்னிடம் பெண் பிள்ளைகளும் கபடி ஆடுகிறார்கள். திரும்பித் தாவுகிற விளையாட்டுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் அறுவது அதிகம். நார்வேயில் பதின்வயதுப் பெண் கால்பந்து அணிகளுக்கு இருபது நிமிட உடல்சூடேற்றும் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்ததில், கடுமையான காயங்கள் பாதியை ஒட்டிக் குறைந்ததாக 2008-ல் எழுதினார்கள். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் பார்ப்பது, பின்தொடையைப் பலப்படுத்துவது, இவ்வளவுதான். ஒரு பைசா செலவில்லை. நான் தினமும் செய்ய வைக்கிறேன், பிள்ளைகள் தினமும் முனகுகிறார்கள்.

தொடர் போட்டி நடத்துகிற அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆளுயரக் கோப்பை வேண்டாமென்று சொல்லவில்லை. களத்தோரம் காலை இழுத்துவிடுகிற ஆளுக்குப் பதிலாக ஐஸ் பெட்டியும், முடிந்தால் ஒரு பிசியோதெரபிஸ்டும் இருக்கட்டும். பெற்றோர்களுக்கும் ஒன்று. திரும்பும்போது 'டப்' என்று கேட்டு, அன்றைக்கே முட்டி வீங்கினால், எக்ஸ்ரே நார்மல் என்ற தாளோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். "ஜவ்வைப் பார்த்தீங்களா சார்?" என்று கேளுங்கள். ஓர் எலும்பு மருத்துவர் கையால் இழுத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அதற்கு மெஷின் தேவையில்லை, பிள்ளை படுக்க ஒரு பெஞ்சு இருந்தால் போதும்.